இருபத்து நான்கு தகடுகள், ஒரு கை

பதினோரு வருடமாக என்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதருக்கு நான் எந்தக் கைக்காரி என்பது அவசரத்தில் மறந்துபோய்விட்டது. என் அக்கா வீட்டுக்காரரை, மாமாவைத்தான் சொல்கிறேன். அந்த மறதியால் மாட்டிக்கொண்டவர் அவர் இல்லை, நான் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலில் இரண்டு கொடிகள் வரைந்த பலகை உண்டு. ஒன்று எங்கள் நாட்டுடையது, மற்றது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டுடையது. இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய திட்டம். அவர்கள் மெஷினும் பாடத்திட்டமும் தருவார்கள். நாங்கள் வெல்டிங் படிக்க வேண்டும். கடைசியில் பரீட்சைத் தகடுகள் பெட்டியில் ஏறி அங்கே போகும், அங்கே உள்ள தேர்வாளர் பார்த்து மதிப்பெண் போடுவார். தேறினால் இரண்டு நாட்டிலும் செல்லுபடியாகும் சான்றிதழ். அதைவிடப் பெரிய விஷயம், தேறியவர்களை அங்கே ஒரு கப்பல் கட்டும் தளம் நேராக வேலைக்கு எடுத்துக்கொள்ளும். நடுவில் புரோக்கர் கிடையாது, 'சொல்லி அனுப்புறோம்' கிடையாது.

இதன் அருமை எனக்குத் தெரியும். நான் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவள். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு நாலு வருடம் ஆபீஸ் ஆபீஸாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். உறை கிழிந்ததுதான் மிச்சம். அப்போதுதான் மாமா இந்தத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளராக வந்தார். அக்காவுக்குப் பயிற்சி நிலைய விடுதியில் வார்டன் வேலை கிடைத்தது. எனக்குப் பதினேழாம் எண் கிடைத்தது. பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் எண்தான் பெயர். 'ஏய் ஆறு, கசடைத் தட்டுடா', 'பதினேழு, ஹோல்டரைக் கொடு' என்றுதான் பட்டறை முழுக்கப் பேச்சு.

முதல் நாள் கறுப்புக் கண்ணாடி வழியாக அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. இரும்பு உருகி, வெல்டிங் ராடின் பின்னாலேயே ஓடிவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அலை அலையாக உறையும். கை நடுங்கினால் அலையும் நடுங்கும். அங்கே சிபாரிசு செல்லாது. ஆறு மாதத்தில் என் தகடுகளை வாங்கி எல்லோரும் கை மாற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன?

நான் இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் எனக்குப் 'பீச்சாங்கை' என்று பட்டப்பெயர். ஒரு டீச்சர் தினமும் ஸ்கேலால் என் இடது கை விரல் மொழியில் தட்டி, பென்சிலைச் சோத்தாங்கைக்கு மாற்றுவாள். ஒருநாள் மூன்று வகுப்பு மேலே படித்த அக்கா நேராக எங்கள் வகுப்புக்குள் வந்து, என் பென்சிலை எடுத்து இடது கையில் வைத்து, "அவ இதுலதான் எழுதுவா டீச்சர், அடிக்கிறதுன்னா என்னை அடிங்க" என்றாள். டீச்சர் அவளை அடித்தாள். என்னை அதற்குப் பிறகு அடிக்கவில்லை. அதனால்தான் அக்கா எது சொன்னாலும் நான் தலையாட்டுவேன்.

எங்கள் பரீட்சைத் தகட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாத் தகடும் அந்த நாட்டிலிருந்தே வந்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன நட்சத்திரக் குறி அடித்திருக்கும். தகட்டை மாட்டுகிற ஸ்டாண்டில் ஒரு வெட்டு இருப்பதால், நட்சத்திரம் இடது பக்கம் வரும்படி மட்டும்தான் தகடு உட்காரும். குறிக்குப் பக்கத்தில் அவரவர் எண்ணை, ஆபீஸில் வாங்கும் இரும்பு அச்சால் அடிக்க வேண்டும். வலது கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் பற்றவைப்பார்கள். நான் வலமிருந்து இடமாக வருவேன். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனோம் என்பதை இரும்பு மறக்காது. அலைகளின் வளைவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இருபத்து நான்கு பேரில் நட்சத்திரத்தை நோக்கி வருகிற ஒரே ஆள் நான். இது பட்டறையில் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். ஆபீஸ் அறையில் ஃபைலோடு குடும்பம் நடத்தும் மாமாவுக்குத் தெரியாது.

மெஷின்கள் துறைமுகத்தில் நாலு மாதம் கிடந்து தாமதமாகத்தான் வந்தன. பாதிப் பேருக்குக் கை படியவில்லை. இருபது பேராவது தேறினால்தான் இரண்டாம் கட்டம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இல்லையென்றால் அந்த நாடு மூட்டை கட்டிவிடும். மாமாவுக்கு வேலை போகும், அக்காவுக்கும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பிறகு. அப்போது தெரிந்தது, பரீட்சை முடிந்த மறுநாள் மாமா பட்டறைக்கு வந்து என் தோளில் தட்டிச் சொன்னதுதான்.

"உன்னை மாதிரி யாரும்மா போடுறாங்க இங்க? கண்காட்சிக்கு வைக்க மாதிரித் தகடு வேணும். அடுத்த பேட்ச் பசங்களும் பார்த்துக் கத்துக்கட்டும். இருபத்திமூணு போட்டுக் கொடு."

"அது என்ன மாமா கணக்கு, இருபத்திமூணு?"

"சுவத்துல மாட்டப் பலகை பண்ணச் சொல்லியிருக்கேன். அதுல இருபத்திமூணு ஆணிதான் இருக்கு."

நான் சிரித்தேன். ஆணிக்குத் தகுந்த மாதிரி தகடு கேட்கிற மனிதர் என்று அக்காவிடம் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன். எட்டு நாள் சாயங்காலம், வகுப்பு முடிந்ததும் சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பட்டறையைத் திறந்து போட்டேன். ஆசையாகப் போட்டேன். ஒவ்வொன்றையும் தேய்த்துத் துடைத்து, "நம்பர் அடிக்கட்டுமா மாமா?" என்று கேட்டேன். "வேணாம், மாதிரிதானே" என்றார்.

பலகை வரவே இல்லை. ஆணியும் வரவில்லை. ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

தேர்வாளர் எழுதியிருந்தார். வந்த இருபத்து நான்கு தகடும் ஒரே கையால் செய்யப்பட்டவை, அது இடது கை. நானே நேரில் வருகிறேன், வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் என் முன்னால் ஒவ்வொரு தகடு போட வேண்டும், நடந்தது என்ன என்று எனக்கு எழுத்தில் வேண்டும். அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டியபோது ஆறாம் எண்காரன் சத்தமாகப் படித்தான். படித்து முடித்துவிட்டு என் கையைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

நான் மாமாவின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"என் தகடுலயா மாமா எல்லார் நம்பரையும் அடிச்சுப் பெட்டியில வெச்சு அனுப்புனீங்க?"

"மெதுவாப் பேசு."

"கண்காட்சின்னீங்க. ஆணின்னீங்க."

"இருபத்திநாலு குடும்பம்மா. எல்லாரும் கரையேறட்டும்னுதான் பண்ணேன். எனக்காகவா பண்ணேன்?" அவர் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "இரு, யோசிக்கிறேன். உன்னை விட்டுடுவேனா?"

அது செவ்வாய்க்கிழமை. அவர் என்ன யோசித்தார் என்பதை வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து சொன்னாள்.

என் விடுதி அறைக்கு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ராடு சுட்ட தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அம்மா போன பிறகு அவள் இப்படி என் கையைப் பிடித்ததே இல்லை.

"நாளைக்கு நீ வலது கையில போடு."

"என்னது?"

"ஒரே ஒரு தகடு. வலது கையில போட்டுட்டா எடது கைக்காரின்னு யாருமே இல்லைன்னு ஆயிடும். வர்ற தேர்வாளரம்மா எவ்வளவுதான் தோண்டுவாங்க? பெட்டி மாறிப்போச்சுன்னு அவரு சமாளிச்சுடுவாரு. நல்லாப் போடுறவங்க போடட்டும், போகட்டும்."

"வலது கையில போட்டா நான் ஃபெயிலுக்கா."

"இந்தத் தடவை மட்டும். ரெண்டாம் கட்டத்துல முதல் பேரு உன் பேருதான். அவரு சத்தியம் பண்ணியிருக்காரு. எனக்கு வேற யாருடி இருக்கா கேக்குறதுக்கு? அவருக்கு வேலை போனா, எனக்குப் போனா, புள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

சோத்தாங்கைக்கு மாற்றச் சொன்ன டீச்சரிடமிருந்து என்னைக் காப்பாற்றியவள் கேட்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கப்பல் கட்டும் தளத்தின் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு கப்பலின் வயிற்றடியில் சின்னச் சின்னதாக ஆட்கள் நின்று பற்றவைக்கிற படம். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"சரிக்கா" என்றேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தேர்வாளர் வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் செய்தி வாசிப்பவர் மாதிரி தமிழ் பேசினார். "பயிற்சியாளர்கள் அனைவரும் வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்றார். ஆறாம் எண்காரன் "என்னடா சொல்றாரு?" என்று பக்கத்தில் கேட்டான்.

வரிசையில் நின்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். வலது கையால் ராடு பிடிப்பது எப்படி என்று ராத்திரி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தவள், பேனாவை எந்தக் கையில் எடுத்தேன் என்று கவனிக்கவில்லை. தேர்வாளர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எண் வரிசைப்படி கூப்பிட்டார்கள். கஷ்டப்பட்டுத்தான் போட்டார்கள் எல்லோரும், ஆனால் போட்டார்கள். ஆறு வாரத்தில் பாதிப் பேருக்குக் கை ஓரளவு படிந்திருந்தது. ஆறாம் எண்காரன் தேறிவிட்டான் என்று தேர்வாளரின் முகத்திலேயே தெரிந்தது. அந்த ஆறு வாரத்தை முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தால் மாமாவுக்கு என் தகடே தேவைப்பட்டிருக்காது.

"பதினேழு."

ஸ்டாண்டில் தகட்டை மாட்டினேன். நட்சத்திரம் இடது பக்கம். ஹோல்டரை வலது கையில் பிடித்தேன். வேறு யாருடைய கையையோ கடன் வாங்கி வந்த மாதிரி இருந்தது. ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்தேன், மறுபடி ஒட்டிக்கொண்டது. உருகிய இரும்பு கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு பொறி கையுறையின் கிழிசல் வழியாக உள்ளே போய் வலது மணிக்கட்டில் உட்கார்ந்தது. கையை எடுக்காமல் கடைசிவரை போனேன். கசடைத் தட்டியபோது, கோழி கிளறின குப்பை மாதிரி ஒரு கோடு கிடந்தது. என் வாழ்க்கையிலேயே நான் போட்ட மோசமான தகடு. அதன்மேல் என் எண் அடித்திருந்தது.

தேர்வாளர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவர் பேசப்பேச மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"தாங்கள் இடது கையால் ஒப்பமிட்டீர்கள். வலது கையால் பற்றவைத்தது ஏன் என அவர் வினவுகிறார்."

நான் மாமாவைப் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள், சமாளிப்பேன் என்றீர்களே, சமாளியுங்கள் என்று பார்த்தேன். மாமா என் பக்கம் திரும்பாமல் ஃபைலைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்தார். தயாராக, மேலேயே இருந்தது.

"நீங்க எழுத்துல கேட்டிருந்தீங்க" என்றார் மொழிபெயர்ப்பாளரிடம். "சொந்தக்காரப் பொண்ணு, மனசு வரலை. அதான் இவ்வளவு நேரம் கையில வெச்சிருந்தேன். இப்ப அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க. மறைக்கத்தான் கை மாத்திப் போட்டிருக்கா."

மொழிபெயர்ப்பாளர் அந்தத் தாளை இரண்டு பாஷையிலும் நிதானமாகப் படித்தார். பதினேழாம் எண் பயிற்சியாளர் எட்டு நாட்கள் சாவி பெற்றுப் பட்டறையைத் தனியே பயன்படுத்தினார். சக பயிற்சியாளர்கள் மீதுள்ள இரக்கத்தால் தகடுகளைச் செய்து, அவரவர் எண்களை அடித்து, பெட்டியில் இருந்தவற்றை யாரும் அறியாமல் மாற்றினார். இதை அவர் விடுதி வார்டனிடம் ஒப்புக்கொண்டுள்ளார். தேதி, இந்த வாரம் புதன்கிழமை. சாட்சி, விடுதி வார்டன், ஒப்பம்.

புதன்கிழமை என்ற சொல் என் காதில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

"நான் தகடு போட்டேன்" என்றேன். "மாத்தலை. கண்காட்சிக்குன்னு சொல்லித்தான் மாமா கேட்டாரு. நம்பர்கூட அடிக்க வேணாம்னு சொன்னாரு." என் குரல் எனக்கே சின்னப் பிள்ளை குரல் மாதிரி கேட்டது. ஆணிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் செய்தி வாசிக்கிற தமிழில் கேட்க எனக்குத் தெம்பில்லை.

தேர்வாளர் முட்டாள் இல்லை. பெட்டி யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டார். ஆபீஸ் சாவியும் பட்டறைச் சாவிக்கொத்தில்தான் இருக்கும் என்றார் மாமா. தேர்வாளர் தாளின் அடியில் இருந்த ஒப்பத்தில் விரலை வைத்தார். பிறகு வார்டனைக் கூப்பிடச் சொன்னார்.

அக்கா வாசலில்தான் நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். "இது தங்கள் ஒப்பமா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

நான் அவளையே பார்த்தேன். ஸ்கேலுக்கு முன்னால் நின்ற அந்தப் பெண் ஒரு வினாடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"என் கையெழுத்துதான்" என்றாள்.

அதோடு எல்லாம் மளமளவென்று முடிந்தது. பதினான்கு பேர்தான் தேறினார்கள். தவறு செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டதாலும் மெஷின் தாமதம் நிலையத்தின் குற்றம் இல்லை என்பதாலும் இருபது பேர் இல்லாவிட்டாலும் இரண்டாம் கட்டம் தொடரலாம் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார் தேர்வாளர். மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இந்தத் திட்டத்தின் எந்தப் பரீட்சையும் இனி கிடையாது. ஆறாம் எண்காரன் வெளியே போகும்போது என்னைத் தாண்டித்தான் போனான். ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே போனான்.

கடைசியில் தேர்வாளர் என்னிடம் வந்தார். என் எண் அச்சைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். அவர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் முதல் தடவையாகச் சாதாரணமாகப் பேசினார்.

"அந்த இருபத்திநாலு தகடும் இந்த வருஷம் அவங்க பார்த்ததுலயே நல்ல தகடுங்களாம். பேப்பர்ல இருக்கிறதைத்தான் அவங்களால எழுத முடியுமாம். வேற மாதிரி நடந்துச்சுன்னு எழுதித் தர யாராவது இருக்காங்களான்னு கேக்குறாங்க."

அவர்கள் இருவரைத் தவிர அறையில் மாமாவும் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம்.

"இல்லை" என்றேன்.

மத்தியானம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தாள். கையில் தீப்புண் மருந்து. என் வலது மணிக்கட்டைப் பார்த்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து, நேற்றுப் போலவே, கையை எடுத்து மடியில் வைத்து மருந்து தடவ ஆரம்பித்தாள். நேற்று இடது கை, இன்று வலது. நான் கையை இழுக்கவில்லை. எரிந்தது.

"அக்கா, புதன்கிழமை எப்போ கையெழுத்துப் போட்டே?"

அவள் விரல் நின்றது.

"காலையிலயா, சாயங்காலமா?"

"காலையில" என்றாள். பிறகு அவசரமாக, "நீ வலது கையில போட்டுட்டா அந்தப் பேப்பரைக் கிழிச்சுடுறேன்னு சொன்னாருடி. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. அதனாலதான் வந்து உன்னைக் கெஞ்சினேன். நீ அப்படிப் போட்டா அது வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன். உன்னைக் காப்பாத்தத்தான்டி..."

"நான் போட்டேனே" என்றேன்.

அவள் அழுதாள். அவளும் ஏமாந்துதான் போயிருக்கிறாள். ஆனால் அவள் ஏமாந்தபோது அவளிடம் ஒரு வேலை மிச்சமிருந்தது, ஒரு வீடு மிச்சமிருந்தது. ஒரு நாள் முழுக்க அந்தத் தாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தழும்புகளைத் தடவியிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பிரியமாகச் செய்யலாம் என்று தெரியாது.

"ரெண்டாம் கட்டத்துல அவருகிட்ட பேசி..." என்று ஆரம்பித்தாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். மருந்தின் மூடியை இடது கையால் திருகி மூடி, அவளிடம் கொடுத்தேன். சுவரில் இருந்த கப்பல் படத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து, பட்டம் வைத்திருக்கும் கிழிந்த உறைக்குள் வைத்தேன்.

"அந்த டீச்சரே தேவலைக்கா" என்றேன். "அவ என்ன பண்ணப்போறான்னு முன்னாடியே தெரியும், கையில ஸ்கேலை வெச்சுக்கிட்டே வருவா."

அக்கா மருந்து டியூபைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வார்டனிடம் அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விடுதி விதி. திரும்பிப் போய் அவள் பக்கத்தில், கட்டிலின் மேல், சாவியை வைத்துவிட்டு வந்தேன்.